எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் யாரிடம் காட்டுவது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை, அதில் என்னென்ன வகைகள் உண்டு என்பது பற்றி முன்பு இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பலர் அந்த அறுவை சிகிச்சையை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் அல்லது அவர்களுடைய குடும்பத்தார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் கடிதங்கள் கேட்பது ஒன்றையே: இனிமேல் யாரிடம் காட்டுவது? அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோ இருந்த நான் இப்போது 79 கிலோ இருக்கிறேன். சர்க்கரை மாத்திரைகளும் நின்றுவிட்டன. முதல் ஓராண்டு வரை மருத்துவமனையின் டயட்டீஷியன் தொலைபேசியில் அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அழைப்பு நின்றுவிட்டது. அறுவை செய்த மருத்துவரும் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். சில மாதங்களாக முடி கொட்டுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குடும்ப டாக்டர், பழைய சர்க்கரை டாக்டர், மகளிர் மருத்துவர் ஆகிய மூவரிடமும் போனேன். ஆளுக்கொரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, “ஆபரேஷன் செய்தவரையே கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். நான் நிரந்தரமாக யாரிடம் காட்டுவது?
– வாசகி, கும்பகோணம்.

பதில்: உங்களுடைய இப்போதைய தொல்லையிலிருந்தே தொடங்குகிறேன். அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் நேர்வதுதான். எடை வேகமாக இறங்கும் காலத்தில் அப்படிக் கொட்டும் முடி, சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும். மூன்றாம் ஆண்டில் கொட்டுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதோடு மாடிப்படியில் மூச்சும் வாங்குகிறது என்றால் இரும்புச் சத்துக் குறைவால் வந்த இரத்த சோகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாதவிலக்கு இன்னும் நிற்காதிருந்தால் அந்தச் சந்தேகம் மேலும் வலுக்கும். ஹீமோகுளோபின், உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, தைராய்டு ஆகிய பரிசோதனைகளை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் வலி வந்தாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.

மூவரும் உங்களைத் திருப்பி அனுப்பியது அக்கறையில்லாமல் அல்ல என்றே நினைக்கிறேன். உங்கள் வயிற்றுக்குள் என்ன மாற்றப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கையில் இருந்த எந்தக் காகிதத்திலும் இருந்திருக்காது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சற்றுக் கீழே உள்ள சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அதனால் நீங்கள் உண்ணும் உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே போகிறது. இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். பி12 உடலில் சேர்வதற்கு இரைப்பையின் அமிலமும், இரைப்பையே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருப்பில் இருப்பதால், முதல் ஆண்டு ரிப்போர்ட் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். இருப்புத் தீர்ந்து குறை தலைகாட்டுவது இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில். மருத்துவமனையின் அழைப்பு நின்று, நோயாளியும் “நன்றாகத்தானே இருக்கிறோம்” என்று மாத்திரைகளைக் கைவிடும் காலமும் அதுவே. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நேர்வதுதான் எனக்குப் பெரிய கவலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயிற்று வலி, அறுவை செய்த இணைப்பில் புண், குடல் சிக்கிக்கொள்வது, பித்தப்பைக் கல் ஆகியவை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் சர்ஜனின் பொறுப்பு. அதிலும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்து பழகிய சர்ஜனின் பொறுப்பு. சத்துக் குறைவுகளைக் கண்காணிப்பது, பழைய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் திரும்புகின்றனவா என்று பார்ப்பது, மாத்திரைகளின் அளவைத் திருத்துவது, எலும்பின் அடர்த்தியைக் கவனிப்பது ஆகியவையெல்லாம் ஒரு நல்ல பொது மருத்துவர் செய்யக்கூடியவை. என் தீர்மானமான கருத்து இது: உங்கள் ஊரிலேயே, அல்லது ஒரு மணி நேரப் பயணத்துக்குள், எம்.டி. பொது மருத்துவம் படித்த ஒருவரை முதன்மை மருத்துவராக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பேரியாட்ரிக் குழுவிடமும், அதாவது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக் குழுவிடமும் காட்டிக்கொள்ளுங்கள். நாளமில்லாச் சுரப்பி நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட் அருகில் கிடைத்தால் அவரே முதன்மை மருத்துவராக இருப்பது இன்னும் நல்லது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் பெரிய நிபுணரை ஆண்டில் ஒரு முறைகூடப் பார்க்க முடியாமல் போவதைவிட, பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது உங்களுக்குப் பயன்படும். பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: குறைந்தது இரண்டு ஆண்டுகள் அறுவை செய்த குழுவின் கவனிப்பு, அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது சத்துப் பரிசோதனையுடன் உள்ளூர் மருத்துவரும் அந்தக் குழுவும் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் கவனிப்பு. அங்கே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. இங்கே அந்த ஏற்பாட்டை நோயாளியே செய்துகொள்ள வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

அந்தப் பொது மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையில் உள்ள பட்டங்களை மட்டும் பார்க்காதீர்கள்; முதல் சந்திப்பில் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். “என்ன வகை ஆபரேஷன், ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா?” என்று கேட்கிறாரா? டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாமல் ஃபெரிட்டினையும் பி12-ஐயும் வைட்டமின் டி-யையும் எலும்பின் கால்சியத்தோடு தொடர்புள்ள பாராதைராய்டு ஹார்மோனையும் எழுதுகிறாரா? கால்சியம் மாத்திரை எழுதும்போது அது எந்த வகை என்று யோசிக்கிறாரா? கடைகளில் அதிகம் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். உங்களுக்கு அந்த அமிலம் குறைவு என்பதால் சிட்ரேட் வகையே பொருந்தும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும், டீயோடும் காபியோடும் இரும்பை விழுங்கக் கூடாது என்பவற்றை அவர் தாமாகவே சொன்னால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. “எனக்கு இதில் அனுபவம் குறைவு, உங்கள் சர்ஜனின் எண்ணைக் கொடுங்கள், பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லும் மருத்துவரை நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பேன். எதையும் கேட்காமல் ஒரு மல்டிவைட்டமினை எழுதி, “இது போதும்” என்று முடித்துவிடுபவரிடம் தங்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஆசிரியையை இங்கே குறிப்பிட வேண்டும். இரு பாதங்களிலும் எரிச்சல். முன்பு சர்க்கரை இருந்தது என்று அவர் சொன்னதை வைத்து, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எட்டு மாதங்களாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரையோ நான்கு ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருந்தது. துணிக்கடைப் பை ஒன்றில் அடுக்கி எடுத்து வந்திருந்த ரிப்போர்ட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோன பைபாஸ் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தது. அந்த எட்டு மாதங்களில் அதை யாரும் கேட்கவில்லை. அவரும் எடுத்துக் காட்டவில்லை. பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போடத் தொடங்கிய பிறகு சில மாதங்களில் எரிச்சல் தணிந்தது. வலது காலில் இரண்டு விரல்களின் மரமரப்பு மட்டும் போகவே இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அறுவை செய்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு உடனே எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால் உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குப் பாதுகாத்தால் போதும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன, தள்ளிப்போடாதீர்கள். சர்ஜன் ஊர் மாறிவிட்டது பெரிய தடையாகாது. அந்தக் குறிப்பு கையில் இருந்தால் வேறு எந்தப் பேரியாட்ரிக் குழுவும் உங்களை ஏற்றுக்கொள்ள முடியும்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஒரு மாதம் ஆனபோது தொடர்ந்து வாந்தி எடுத்தான். பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்; பிறகு சரியாகிவிட்டது. மறுபடி இப்படி வந்தால் பக்கத்திலேயே காட்டலாமா?
– வாசகர், திருப்பூர்.

பதில்: உங்கள் மகன் நலமாக இருப்பது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இன்னொரு முறை அப்படிச் செய்ய வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் ஒரு நாளுக்கு மேல் வாந்தி நீடித்தால் அறுவை செய்த குழுவை அன்றே அழைக்க வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீக்கப்பட்டு, மிச்சம் ஒரு குழாய்போல இருக்கிறது. அந்தக் குழாயில் எங்காவது சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தயமின் எனப்படும் பி1 வைட்டமின் உடலில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பில் இருக்கும். சாப்பாடு குறைந்து வாந்தியும் சேர்ந்தால் அது விரைவாகத் தீர்ந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நேரத்தில் ஊசி போட்டால் காப்பாற்றலாம். தாமதித்தால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடலாம். நள்ளிரவில் பக்கத்துக் கிளினிக்குக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்றால், டிரிப் போடும் முன், “இவனுக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தயமின் போடுங்கள்” என்று சொல்லுங்கள். பெரியவர்களிடம் இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவோ என்று தயங்க வேண்டாம். அந்த மருத்துவரும் இந்தத் தகவலுக்காக உங்களுக்கு நன்றி சொல்வார்.

கேள்வி: பைபாஸ் செய்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலிக்காக எலும்பு மருத்துவரிடம் காட்டுகிறேன். அவரிடம் பழைய ஆபரேஷனைச் சொல்ல வேண்டுமா?
– வாசகர், வேலூர்.

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கி இரத்தக்கசிவு வரை கொண்டுபோகக்கூடியவை. உங்களுக்குப் பாராசிட்டமாலும் மேல்பூச்சு மருந்துகளும் பிசியோதெரபியும்தான் முதலில். பல் மருத்துவரிடம் போனாலும் இதையே சொல்லுங்கள். மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும், அந்தப் புண்ணுக்கு அதுவும் காரணமாகிறது. இதய மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. பைபாஸ் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நான்கு மாதக் கர்ப்பம். மகப்பேறு மருத்துவரிடம் மட்டும் காட்டினால் போதுமா? சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குடித்தால் மயக்கம் வருமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்.

பதில்: வாழ்த்துகள். எடை இறங்கும் வேகம் அடங்குவதற்காக 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம்; நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டியே கருவுற்றிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பது நடைமுறை. பைபாஸ் செய்தவருக்கு அந்தக் கரைசல் மடமடவென்று சிறுகுடலில் இறங்கிவிடும். அதனால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, சில சமயம் ஓரிரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை வெகுவாக இறங்கி மயக்கம்கூட வரலாம். அளவீடும் நம்பத்தக்கதாக இருக்காது. அதற்குப் பதிலாக 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையில் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் பார்த்துக் குறித்துக்கொண்டு காட்டலாம். இதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பரிசோதனை நாளன்று டம்ளரைக் கையில் கொடுத்த பிறகு செவிலியரிடம் விளக்கிக்கொண்டிருப்பது கடினம்.

கர்ப்பக் காலத்தில் முதன்மைப் பொறுப்பு மகப்பேறு மருத்துவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் பிரசவம் பார்க்கும் இடம், பொது மருத்துவரும் சர்ஜனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் மருத்துவமனையாக இருப்பது நல்லது. சத்துப் பரிசோதனைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். நீங்கள் சாப்பிடும் வைட்டமின் மாத்திரையில் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்றும் காட்டிக் கேளுங்கள். ரெட்டினால் வடிவம் கருவுக்கு ஆகாது, பீட்டா கரோட்டின் வடிவமே ஏற்றது. கடைசியாக வயிற்று வலி. விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் மேல்வயிற்று வலியைப் பைபாஸ் செய்த கர்ப்பிணியிடம் வாயுவென்றோ பிரசவ வலியென்றோ எளிதில் முடிவுகட்டிவிடக் கூடாது. பைபாஸில் குடலை இடம் மாற்றியபோது உண்டான இடைவெளிக்குள் குடல் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். கருப்பை பெரிதாகிக் குடலை மேலே தள்ளும் மாதங்களில் இந்த ஆபத்து கூடும். அப்படி வலி வந்தால் மகப்பேறு மருத்துவரோடு சர்ஜனும் அன்றே பார்க்க வேண்டும் என்பதை உங்கள் கர்ப்பக் காலப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்லீவ் செய்து 41 கிலோ குறைந்தேன். நான்கு ஆண்டுகளில் ஒன்பது கிலோ திரும்ப ஏறிவிட்டது. சர்ஜன் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருப்பதால் இரண்டு ஆண்டுகளாகப் போகவில்லை. இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசியை யாரிடம் கேட்டு வாங்குவது?
– வாசகர், சேலம்.

பதில்: தயவு செய்து வெட்கப்படாதீர்கள். எடை மிகவும் இறங்கி நிற்பது பெரும்பாலும் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில். அதன் பின் ஓரளவு ஏறுவது பெரும்பாலோருக்கு நேர்கிறது. இழந்த எடையை மீட்கப் பசியைக் கூட்டுவதும் செலவிடும் ஆற்றலைக் குறைப்பதும் உடலின் இயல்பு. 41 கிலோவில் 32 கிலோ இன்னும் உங்களை விட்டு விலகியே இருக்கிறது. வெட்கத்தால் வராமல் இருந்துவிட்டு, சர்க்கரை 300-ஐத் தாண்டிய பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்கு வலிக்கிறது.

முதலில் சர்ஜனிடமே போங்கள். இரைப்பைக் குழாய் விரிந்திருக்கிறதா, நெஞ்செரிச்சல் இருந்தால் உணவுக்குழாய் புண்ணாகியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் அவர் பார்க்கட்டும். ஸ்லீவுக்குப் பின் அமிலம் எதுக்களிப்பது பலருக்கும் இருக்கும் தொல்லை. அடுத்து டயட்டீஷியன். மூன்று இட்லிக்கு மேல் சாப்பிட முடியாதவர்களும் மிக்சரையும் முறுக்கையும் நாள் முழுக்கக் கொறிக்க முடியும், சர்க்கரை போட்ட டீயை ஐந்து முறை குடிக்க முடியும். அவை வயிற்றில் தங்காமல் இறங்கிவிடுவதால் நிறைந்த உணர்வே வராது. தைராய்டு குறைவும், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவையும் எடையைக் கூட்டும் என்பதால் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளுடைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் இவை பயன்படுகின்றன. ஆனால் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் ஒருவருடைய பசியை இவை இன்னும் குறைக்கும். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் கீழே போனால் கொழுப்போடு தசையும் கரையும். ஆகவே எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவர், அல்லது இந்த மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்துக் கண்காணிக்கும் பொது மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும். ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. இன்சூரன்ஸ் உதவியால் பைபாஸ் நடந்தது. இப்போது தனியார் மருத்துவமனைக்கு மாதாமாதம் செலவழிக்க வசதியில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்று. முன்பு எப்போதாவது குடிப்பார். இப்போது கொஞ்சம் குடித்தாலே நிலைதடுமாறுகிறார், அடிக்கடியும் குடிக்கிறார். யாரிடம் அழைத்துப் போவது என்றே தெரியவில்லை.
– வாசகி, மதுரை.

பதில்: சகோதரி, நீங்கள் இதை எழுதியது மிகவும் நல்லது. பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. அதே அளவுக்கு முன்பைவிடப் போதை கூடுகிறது. அதுவரை கட்டுக்குள் இருந்தவர்களில் சிலர் இரண்டாம் ஆண்டுக்குப் பின் குடிக்கு அடிமையாகிவிடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த விளைவு. உங்கள் கணவரின் குணம் கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். அவரிடமும் அப்படிப் பேசாதீர்கள். முதலில் அவருக்கு வேண்டியவர் மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறையில் இதற்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்த வைக்க வேண்டாம். வலிப்பு வரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் சொன்னாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அந்த எண்ணத்தையும் நாங்கள் கவனித்துக் கேட்கிறோம்.

மற்ற கவனிப்புக்கும் அதே மருத்துவமனை போதும். பொது மருத்துவப் பிரிவில் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து, தேவைப்படும்போது இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைத் துறைக்கு அனுப்பும்படி கேளுங்கள். குடிப்பவருக்குத் தயமின் குறைவு மேலும் எளிதில் வரும் என்பதால் அதையும் நினைவூட்டுங்கள். வீட்டுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வருகின்றனவா? 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் பலரும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் எடை குறைந்த பின்னும் பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை அளவு மீறி இறங்கிவிடும். அதனால் வரும் தள்ளாட்டத்தைப் போதை என்று நீங்கள் தவறாக நினைத்துவிடவும் கூடும். அடுத்த முறை அவர் தடுமாறும்போது மது வாடை இல்லையென்றால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழிப்போடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, இரண்டு அளவுகளையும் நேரத்தோடு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.